உருளைக்கிழங்கை எழுப்புவது எப்படி?

மெஸ் பின்பக்கம் கிடக்கிற உருளைக்கிழங்கு மூட்டையை எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் பழைய மூட்டையாக இருந்தால் சாக்கு ஓட்டை வழியாக வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருக்கும். மெஸ் அண்ணனுக்கு அது நஷ்டம். நீலகிரியில் கிழங்கு போடுகிற விவசாயிக்கோ, நடுவதற்குள் முளை வராவிட்டால்தான் நஷ்டம். ஆனால் அந்த வெள்ளை முளை அவருக்கும் ஆகாது. அவருக்கு வேண்டியது வேறு மாதிரி முளை.

முதல்ல ஒரு விஷயம். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. நம்பிக்கை இல்லையென்றால் ஒன்றைக் கையில் எடுங்கள். குழிகுழியாக இருக்கும் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு கணு. அதை ஒட்டிப் புருவம் மாதிரி ஒரு கோடு தெரியும். குட்டி இலைச்செதில் இருந்த தடம் அது. கண்கள் சுருள் வரிசையில் ஓடி, ஒரு முனையில் நெருக்கமாகக் கூடும். அதுதான் நுனி. எதிர்முனையில் தொப்புள் மாதிரி இருப்பது தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம்.

நுனிக்கண் முதலில் எழும். எழுந்த கையோடு ஆக்சின் என்ற ஹார்மோனை அனுப்பி மற்ற கண்களை அடக்கி வைக்கும். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் ஒருத்தரே பதில் சொல்லி மற்றவர்களை வாய் திறக்கவிடாத கதைதான்.

தோண்டி எடுத்தவுடனே நட்டால் முளைக்குமா? முளைக்காது. ரகத்தைப் பொறுத்து சுமார் இரண்டு மூன்று மாதம் கிழங்கு உறக்கத்தில் இருக்கும். ஈரமும் சூடும் கொடுத்தாலும் எழாது. அந்த உறக்கம் கலைவதற்குள் மண்ணில் புதைத்தால் ஒன்று முளைக்கும், பக்கத்தில் ஒன்று அழுகும், இன்னொன்று மூன்று வாரம் கழித்து எட்டிப் பார்க்கும்.

இதில் போகும் காசு சின்னது இல்லை. ஒரு எக்டேருக்கு விதைக்கிழங்கு மட்டும் 3 முதல் 3.5 டன் வேண்டும். நெல்லுக்கு சில பத்து கிலோ போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். நடவுக்கு முன்னாலேயே ஒரு லாரி லோடு பணம் மண்ணுக்குள் போகிறது. நீலகிரியில் நடவு மார்ச்-ஏப்ரல், ஆகஸ்ட்-செப்டம்பர், பாசனம் இருந்தால் ஜனவரி-பிப்ரவரி. மழை பிடித்துக்கொண்டால் பின்பருவக் கருகல் நோய் வரும். 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய். முளை கட்டிய கிழங்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே மண்ணை விட்டு வெளியே வரும். மழையோடு ஓடுகிற ரேஸில் அந்த ஒன்றிரண்டு வாரம் பெரிய விஷயம்.

சரி, நல்ல முளையை எப்படி வரவைப்பது? கன்ட்ரோல் இரண்டே இரண்டுதான்: வெப்பம், வெளிச்சம்.

4 டிகிரிக்குக் கீழே கிழங்கு கிட்டத்தட்ட உறைந்த நிலையில் நிற்கும். குளிர்பதனக் கிடங்கில் விதைக்கிழங்கை வைப்பது அதற்குத்தான். 15, 20 டிகிரிக்கு வந்தால் வேகமாக முளைவிடும். கிழங்குக்கு 'உடல் வயது' என்று ஒன்று உண்டு. அது காலண்டர் வயது இல்லை. பட்ட வெப்பத்தை நேரத்தோடு இன்டக்ரேட் செய்த மாதிரி ஒரு கணக்கு. இளங்கிழங்கு நுனியில் ஒரே ஒரு முளை விடும். செடியில் தண்டு குறைவு, கிழங்கு கொஞ்சம், ஆனால் பெரிசு. நடுத்தர வயதில் பல கண்கள் சேர்ந்து எழும். கிழங்கு நிறைய, சைஸ் சின்னது. ரொம்பக் கிழடாகிவிட்டால் முளை நூல் மாதிரி மெலிந்துவிடும். அதை நடுவது வீண். முதலில் வந்த ஒற்றை முளையை ஒரு தடவை கிள்ளிவிட்டால் மற்ற கண்கள் விழித்துக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கிள்ளினால் கிழங்கு சோர்ந்து போகும்.

(சிப்ஸ் கம்பெனிக்காரர்கள் கதை நேர் எதிர். முளைக்கவும் கூடாது, ரொம்பக் குளிரவும் கூடாது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரித்தால் சிப்ஸ் கறுத்துவிடும்.)

இப்போது வெளிச்சம். இருட்டில் வரும் முளை வெளிச்சத்தைத் தேடி ஓடும். நீளமா, வெளுப்பா, தொட்டால் ஒடிகிற மாதிரி இருக்கும். மெஸ் மூட்டையில் பார்த்தது அதுதான். நேர் வெயில் படாமல் பரவலான வெளிச்சத்தில் வைத்தால் அதே முளை குட்டையாக, தடியாக, பச்சையோ ஊதாவோ கலந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நிற்கும். கூடையில் அள்ளிக் கொட்டினாலும் லேசில் ஒடியாது. பெரு நாட்டின் லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையம், குளிர்பதன வசதி இல்லாத மலை விவசாயிகளுக்காக இந்த முறையைப் பல நாடுகளில் பரப்பியது. மின்சாரம் தேவையில்லை. கூரை, காற்று புகும் பக்கச் சுவர், அடுக்கடுக்காகத் தட்டு, தட்டுக்கு இரண்டு மூன்று கிழங்கு உயரத்துக்கு மேல் கொட்டாமல் பரப்புவது. அவ்வளவுதான். எனக்குப் பிடித்த டிசைன் இது, மூவிங் பார்ட் ஒன்றுகூட இல்லை!

வெளிச்சம் பட்டால் கிழங்குத் தோலும் பச்சையாகும். கூடவே சோலனின் என்ற நச்சும் ஏறும். விதைக்கு அதனால் குறை இல்லை. சாப்பிடத்தான் கூடாது, வேகவைத்தாலும் அது போகாது. அதனால் விதைக்காகப் பச்சையாக்கிய கிழங்கைக் குழம்புக்கு எடுக்காதீங்க.

40, 50 கிராம் கிழங்காக இருந்தால் முழுசாகவே நடலாம். பெரிசை வெட்டினால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கணும், வெட்டுக்காயம் ஆறணும். வாடல் நோய்க் கிருமி கத்தி வழியாகவே ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் என்பதால் முழுக்கிழங்குதான் பத்திரம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நோய் உள்ள விதையை முளைகட்டுதல் குணமாக்காது. நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு மண்ணோடும் கிழங்கோடும் பயணம் செய்வது. தட்டில் எவ்வளவு அழகாக முளை வந்தாலும், விதை எந்த நிலத்திலிருந்து வந்தது என்று விசாரிக்கத்தான் வேண்டும்.

செஞ்சு பார்க்கணுமா? முட்டை அட்டையில் நான்கு கிழங்கை நுனி மேலே பார்க்க ஜன்னலோரம் நிழலில் வையுங்கள். இன்னும் நான்கை அலமாரிக்குள் பூட்டுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கடைக் கிழங்குகளுக்கு முளைக்காமலிருக்க மருந்து அடித்திருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று கடையில் கலந்து வாங்குவது நல்லது. சென்னை மொட்டைமாடியில் நட்டால் செடி வரும். கிழங்கை மட்டும் ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ராத்திரி வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே கிழங்கு கட்டுவது குறையத் தொடங்கிவிடும்.