அடைபட்ட வளி

வளி என்பது காற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஐம்பூதங்களுள் வளியும் ஒன்று. திறந்த வெளியில் உலவும் காற்றுக்கு, அது வரும் திசையை நோக்கித் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் தமிழர் பெயரிட்டனர். வடஇந்தியச் சமவெளியில் வேனிற்காலத்தில் வீசும் வெப்பக்காற்றை அங்குள்ள மக்கள் ‘லூ’ என்கின்றனர். ஆனால் திறந்த வெளிக்கு வராமல், நம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் வளிகளும் உண்டு. வண்டிச் சக்கரத்தினுள் காற்று, குக்கரினுள் நீராவி, உருளையினுள் சமையல் எரிவாயு என இம்மூன்றும் நாள்தோறும் நமக்கு உழைக்கின்றன. இவற்றின் இயல்பை அறிந்து பழகினால் நன்மை; அறியாமல் பழகினால் உயிருக்கே ஊறு நேரும். அவ்வியல்பு யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓயாத இயக்கம்

திண்பொருளுக்கு வடிவமும் பருமனும் உண்டு. நீர்மத்திற்குப் பருமன் உண்டு, வடிவம் இல்லை. வளிக்கோ இரண்டும் இல்லை. எந்தக் கலத்தில் இட்டாலும் அக்கலம் முழுவதும் பரவி நிற்பதே வளியின் இயல்பு. வளியின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, எல்லாத் திசைகளிலும் ஓயாது விரைந்துகொண்டிருப்பதே இதற்குக் காரணம். நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறைக் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள், சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் செல்கின்றன.

இம்மூலக்கூறுகள் கலத்தின் சுவரில் இடைவிடாது மோதுகின்றன. கோடானுகோடி மோதல்களின் கூட்டு விளைவையே அழுத்தம் என்கிறோம். மூலக்கூறுகளின் இயக்கம் எந்த அளவிற்கு மிகுந்துள்ளது என்பதைக் காட்டும் அளவே வெப்பநிலை. வளியைச் சூடேற்றினால் மூலக்கூறுகளின் வேகம் கூடும். சுவரில் மோதும் வலிமையும் கூடும். இவ்வொரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மூன்று அளவுகள்

ஊசி இல்லாத மருந்தேற்றும் குழல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை விரலால் அடைத்து, உந்துதண்டை மெல்ல அழுத்துங்கள். முதலில் எளிதாக நகரும் தண்டு, போகப்போக எதிர்த்து நிற்கும். வளிக்குரிய இடத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இருமடங்காகும். வெப்பநிலை மட்டும் மாறாதிருக்க வேண்டும். இவ்வுண்மையை இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். இது பாயில் விதி எனப்படுகிறது.

அழுத்தம் மாறாதிருக்குமாறு வளியைச் சூடேற்றினால் அது விரிவடையும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் சார்லசு 1787ஆம் ஆண்டு வாக்கில் இதனை ஆராய்ந்தார். ஆயினும் தம் முடிவுகளை நூலாக வெளியிடவில்லை. 1802ஆம் ஆண்டில் கே-லூசாக் என்பார் இதுபற்றித் தாம் கண்ட முடிவுகளை வெளியிட்டபோது, சார்லசு முன்னரே செய்த ஆய்வையும் எடுத்துரைத்தார். அதனால்தான் இவ்விதி இன்றும் சார்லசின் பெயரால் வழங்குகிறது. பிறர் உழைப்பை மறைக்காத அறிவியலாளரின் நேர்மைக்கு இஃது ஒரு சான்று.

விரிய இடமே இல்லாத கலத்தில் வளியைச் சூடேற்றினால் என்னாகும்? விரிய முடியாத வளி தன் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியசு உயரும்போதும், சுழி டிகிரியில் இருந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு கூடும். இக்கணக்கைக் கீழ்நோக்கிச் செலுத்தினால், சுழிக்குக் கீழே 273.15 டிகிரியில் அழுத்தமே இல்லாத நிலை வரும். அதனைத் தனிச்சுழி என்பர். அதனையே தொடக்கமாகக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் முறையைக் கெல்வின் 1848ஆம் ஆண்டில் முன்வைத்தார். செல்சியசு அளவோடு 273ஐக் கூட்டினால் கெல்வின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும்.

சக்கரத்தினுள் காற்று

இராசசுத்தானத்தின் செய்சல்மரில் ஒருவர் காலை வேளையில் தம் மகிழுந்தின் சக்கரத்தில் 30 பி.எஸ்.ஐ. அளவு காற்று நிரப்புகிறார் எனக் கொள்வோம். அப்போது வெப்பநிலை 17 டிகிரி. அதாவது 290 கெல்வின். சுடுமணல் நடுவே நெடுந்தொலைவு ஓடிய பின் சக்கரத்தினுள் உள்ள காற்றின் வெப்பநிலை 46 டிகிரியாகிறது. அதாவது 319 கெல்வின். அழுத்தமானி காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவை மட்டுமே. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15. எனவே சக்கரத்தினுள் முதலில் இருந்த முழு அழுத்தம் 45. வெப்பநிலை பத்தில் ஒரு பங்கு கூடியதால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு கூடி 49.5 ஆகும். அழுத்தமானி இப்போது 34.5 காட்டும்.

புதிதாக ஒரு துளிக் காற்றும் உள்ளே செல்லவில்லை. வெப்பம் மட்டுமே சென்றது. ஆகவே, வண்டி ஓடுவதற்கு முன் சக்கரம் குளிர்ந்திருக்கும் வேளையில் அழுத்தத்தைச் சரிபார்ப்பதே முறை. கோடையில் அளவுக்கு மீறிக் காற்றடைத்த பழைய சக்கரம் சாலையில் வெடிக்கக்கூடும்.

குக்கரினுள் நீராவி

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். கடல்மட்டத்திற்கே அது பொருந்தும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அங்கே நீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ எரித்தாலும் திறந்த பானையில் அதற்குமேல் சூடு ஏறாது. பணியின்பொருட்டு அங்குச் செல்லும் நம்மவர் குடும்பங்கள் பருப்பு வேகவில்லையே என்று வருந்துவது இதனால்தான்.

குக்கரின் மூடி நீராவியை வெளியேற விடாமல் தடுப்பதால் உள்ளே அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர நீரின் கொதிநிலையும் உயர்கிறது. கடல்மட்டத்தில் அது 120 டிகிரி வரை செல்லும். லே நகரிலும் 115 டிகிரியை நெருங்கும். பருப்பும் வேகும், எரிபொருளும் மிஞ்சும்.

இத்தகைய கலத்தை 1679ஆம் ஆண்டில் இலண்டனில் செய்து காட்டியவர் தெனி பாப்பின். அவர் அமைத்த கலத்தில் பாதுகாப்பு வால்வும் இருந்தது. இன்றைய குக்கரில் மூடிமேல் அமரும் எடைக்குண்டு, அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் எழும்பி நீராவியை வெளியேற்றுகிறது. அதன் துளையைப் பருப்பு நுரையோ புளித்தோலோ அடைத்துவிட்டால், அடுத்த காவலாகப் பாதுகாப்பு வால்வு உள்ளது. அதிலுள்ள எளிதில் உருகும் உலோகக்கலவை, வெப்பம் மிகும்போது உருகி வழிவிடும். இவ்விரு வழிகளையும் நாம் அடைத்துவிடலாகாது. வேறொரு குக்கரின் குண்டைப் பொருத்துவதும், உருகிய வால்வுக்குப் பதில் ஆணியைச் செருகுவதும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

அழுத்தம் தணியுமுன் மூடியை வலிந்து திறப்பதும் தவறு. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர். திறந்த கணமே அழுத்தம் வீழ்வதால், அந்நீரில் ஒரு பகுதி உடனே ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவதால், கொதிக்கும் உணவு முகத்தில் பீறிடும்.

உருளையினுள் எரிவாயு

சமையல் எரிவாயு, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. வீட்டு உருளையில் 14.2 கிலோ எரிவாயு, அழுத்தத்தினால் நீர்மமாக்கப்பட்டு அடைக்கப்பட்டுள்ளது. நீர்மத்தின் மேலே ஆவிக்கென்று இடம் விடப்பட்டிருக்கும். சூடேறினால் நீர்மமும் விரியும். மேலும் ஒரு பகுதி ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டும். எனவே சக்கரத்துக் காற்றைவிட விரைவாக இங்கே அழுத்தம் உயரும்.

பனிக்காலத்தில் இதற்கு நேர்மாறாக நிகழும். பியூட்டேன் சுழி டிகிரிக்குச் சற்றுக் கீழேயே நீர்மமாக நின்றுவிடும். அதனால் மலைநாட்டுக் குளிரில் உருளையில் எரிவாயு இருந்தும் அடுப்பு மங்கி எரியும். அவ்வேளையில் உருளையைத் தீயருகே வைத்துச் சூடேற்றுவோர் உண்டு. அதைவிடக் கொடிய பிழை வேறில்லை. எவ்விடத்துக் குளிரானாலும் உருளையைத் தீயினால் சூடேற்றலாகாது.

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை; கசிவை உணர்த்துவதற்காக நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு சேர்க்கின்றனர். இவ்வாயு காற்றைவிட எடை மிக்கது. தரையோரம் தாழ்ந்து பரவித் தேங்கும். நாற்றம் எழுந்தால் மின்பொத்தானைப் போடவோ அணைக்கவோ கூடாது. சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவையும் சன்னலையும் திறந்து, அனைவரும் வெளியேறி, 1906 என்ற உதவி எண்ணை வெளியிலிருந்து அழைக்க வேண்டும்.

வளியை அடைக்கலாம், அதன் இயல்பை அடைக்க இயலாது. அதற்கு விரிய இடம் தர வேண்டும். அல்லது வெளியேற வழி விட வேண்டும். இரண்டும் இல்லையெனில் அது தன் வழியைத் தானே உடைத்துக்கொள்ளும். இன்று வீடு சென்றதும், பெரியவர் ஒருவரின் துணையோடு உங்கள் குக்கர் மூடியின் துளையை ஒளியில் உயர்த்திப் பாருங்கள். மறுபுறம் தெளிவாகத் தெரிகிறதா?

அருஞ்சொற்பொருள்

ஊறு – துன்பம், கேடு
பருமன் – பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
நீர்மம் – திரவம்
சுழி – பூச்சியம்
தணிதல் – குறைதல்

பயிற்சி

1. திறந்த பானையில் லே நகரில் பருப்பு எளிதில் வேகாமைக்குக் காரணம் யாது?
2. மூடிய கலம் ஒன்றில் உள்ள வளியின் வெப்பநிலை 27 டிகிரி. முழு அழுத்தம் 2 வளிமண்டலம். வெப்பநிலை 177 டிகிரியாக உயர்ந்தால் அழுத்தம் எவ்வளவாகும்? கெல்வின் அளவிற்கு மாற்றிக் கணக்கிடுக.
3. எரிவாயு, சுடுமணல், கொதிநிலை ஆகிய சொற்களுக்கு இலக்கணக் குறிப்பு எழுதுக.
4. எரிவாயு கசியும்போது செய்யத்தக்கன, செய்யத்தகாதன ஆகியவற்றை உங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்கு ஏற்ப ஐந்து தொடர்களில் எழுதுக.