கோழிக்கு 100 ரூபாய், பஜ்ஜிக் கடைக்கு?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய இடத்திலேயே பல மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது. புயல் கடலோரத்துக்காரர்கள் கவலை என்று இருந்த சேலத்துக்காரர்கள் அடுத்த இரண்டு நாளில் அண்ணாந்து மலையைப் பார்த்தார்கள். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மலைமேல் உள்ள ஏற்காட்டில் மட்டும் சுமார் 24 செ.மீ. மழை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி ஏறும் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. வண்டிகளை மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

இப்படி ஒரு மழையில் மலைமேல் இருக்கும் சின்னக் கடை ஒன்றுக்கு என்ன ஆகும்? தகரக் கூரை பறக்கும். பின்சுவர் நனைந்து உப்பும், சமயத்தில் சரியும். காப்பித்தூள், மிளகு மூட்டையில் ஈரம் ஏறும். கரண்ட் போய் ஃபிரிட்ஜில் இருந்தது வீணாகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் ஒன்று உண்டு: பாதை அடைபட்டால் சேலத்திலிருந்து ஆள் வராது. கடை முழுசாக நின்றாலும் கல்லா காலி.

சரி, அரசு உதவி? 2024 டிசம்பர் 3 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெரிந்துவிடும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500. பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய். சேலம் அந்த மூன்றில் இல்லை. கடை என்ற சொல் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அதாவது காப்பித் தோட்டத்துச் செடிக்கு விலை இருக்கிறது. அந்தக் காப்பியை வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கும் ஏற்காடு ஏரிக்கரைக் கடைக்கு இல்லை. இது அதிகாரிகளின் கல்நெஞ்சம் அல்ல, படிவத்தின் கோளாறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதில் 75 சதவீதம் மத்திய அரசுப் பணம், மீதி மாநிலத்துடையது. ஃபெஞ்சலுக்குப் பிறகு டிசம்பர் 6 அன்று டெல்லி விடுவித்த 944.80 கோடி ரூபாய் இந்தக் கணக்கில் வந்ததுதான். அந்த நிதியை எதற்கு, எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. வீடு, பயிர், கால்நடை, படகு, வலை எல்லாம் அதில் உண்டு. தொழில் என்ற வகையில், 2024 நிலவரப்படி, கைத்தறிக்காரருக்கும் கைவினைஞருக்கும் மட்டும் இடம்: கருவி போனால் 5,000, மூலப்பொருள் போனால் 5,000. மளிகை, டீக்கடை, ஓட்டல், செல்போன் ரிப்பேர் எதுவும் இல்லை. ‘வியாபாரி சமாளித்துக்கொள்வான்’ என்ற பழைய எண்ணம் அந்தப் பட்டியலுக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சில வெளிநாட்டு நகரங்களில் வேறு மாதிரி. சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் 2021-ல் ஒரு மானியம் தொடங்கியது. கடைக்கண்ணாடியை யாராவது உடைத்துவிட்டால், பழுதுபார்த்த செலவைப் பொறுத்து 1,000 அல்லது 2,000 டாலர் வரை நகரமே கொடுக்கும் திட்டம் அது. இங்கே அப்படிக் கேட்க, புயல் வந்தபோது ஏற்காட்டுக்கு மாநகராட்சியும் கிடையாது, நகராட்சியும் கிடையாது, ஊராட்சி ஒன்றியம்தான். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் திட்டப் பணம் எதிர்பார்க்கும் இடத்தில் போய்க் கூரைக்கு மானியம் கேட்க முடியுமா?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டிலேயே இன்னொரு மலை மாநிலம் செய்திருக்கிறது. 2023 பருவமழையில் இமாச்சலப் பிரதேசம் சின்னாபின்னமானபோது, அந்த மாநில அரசு தனியாக ஒரு சிறப்பு நிவாரணத் தொகுப்பு போட்டது. சேதமான கடைக்கும் தாபாவுக்கும் முன்பிருந்த 25,000 ரூபாயை 1 லட்சமாக உயர்த்தியது. மத்தியப் பட்டியலில் இடமில்லாததை மாநிலம் தன் பணத்தில் செய்யத் தடை ஏதும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் கடைக்காரருக்குக் கை கொடுத்தபோது அது பெரும்பாலும் கடன் வடிவில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளமும் வந்தபோது, பாதித்த மாவட்டங்களின் சிறு வணிகர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழியாக 10,000 ரூபாய் வரை 4 சதவீத வட்டியிலும், 1 லட்சம் வரை 6 சதவீத வட்டியிலும் கடன் அறிவிக்கப்பட்டது. சிறு, குறு தொழில் நிறுவனங்களுக்குத் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் மூலம் 6 சதவீதத்தில் 3 லட்சம் வரை. கந்துவட்டியோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் கூரை பறந்தவன் கடன் வாங்கிக் கூரை போட்டால், பறந்த கூரைக்கும் அவனே பணம் கொடுத்தான், புதுக் கூரைக்கும் அவனே கொடுக்கிறான். அறிவிப்பில் மாவட்டப் பெயர் இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் இந்தக் கடன்கூடக் கிடையாது.

இருப்பதில் எதைப் பிடித்துக்கொள்ளலாம்? முதலாவது, கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள் வீட்டுக் கணக்கில் மனு கொடுக்கலாம். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம் என்பது மலையில் சகஜம். 2024-ல் இருந்த மத்திய விதிகளின்படி முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். பகுதிச் சேதத்துக்குத் தொகை குறைவு: நல்ல கட்டடத்துக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து எழுதுவதுதான் அடிப்படை ஆவணம். புறம்போக்கில் தகரம் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வழியும் குறுகிவிடும். மலைப்பாதையோரம் மாங்காய்க் கீற்றும் சோளமும் விற்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

இரண்டாவது, 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு வணிகர் நல வாரியம். குடும்ப நல நிதி, தீ விபத்து உதவி போன்றவை உறுப்பினர்களுக்கு மட்டுமே. குடும்ப நல நிதியை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாக 2025 மே மாதம் முதலமைச்சர் அறிவித்தார். 2021-ல் சிறு வணிகர்களுக்குப் பதிவுக் கட்டணத்தையே சில மாதங்கள் தள்ளுபடி செய்தார்கள். சேதம் நடந்த பிறகு ஓடிப் பதிந்து பயனில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதை யாரும் பேசுவதும் இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்றாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கானது. கட்டடம், தட்டுமுட்டுச் சாமான், சரக்கு மூன்றுக்கும் எடுக்கலாம். தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் அடக்கம். இடிபாடு அகற்றும் செலவும் ஓரளவு கிடைக்கும். மதிப்பைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தாலும், 15 சதவீதம் வரை அதைக் காரணம் காட்டித் தொகையை வெட்டமாட்டார்கள். ஆனால் பாதை அடைபட்டதால் போன வியாபாரத்துக்கு இதில் இழப்பீடு இல்லை. மலைக் கடைக்காரருக்கு அதிகம் வலிக்கும் நஷ்டம் அதுதான். அதற்கு அரசுப் பட்டியலிலும் இடமில்லை, இதிலும் இல்லை.

வங்கிக் கடன் ஏற்கெனவே இருந்தால், இயற்கைச் சீற்றத்தால் பாதித்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தவணையைத் தள்ளிப்போடவும் கடனை மாற்றியமைக்கவும் ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் வங்கிகளுக்கு இடம் தருகின்றன. தானாக நடக்காது, மேலாளரிடம் போய் எழுத்தில் கேட்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கேட்பது ஒன்றுதான்: சேதத்துக்கு என்ன ஆதாரம்? சரக்கு வாங்கிய பில், வாடகை ஒப்பந்தம், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. கடைக்குள் தகரப்பெட்டியில் வைத்திருந்த பில் புத்தகமும் சரக்கோடு சேர்ந்து நனைந்திருக்கும். செல்போனில் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால் தப்பும். சேறு அள்ளுவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்திருக்க வேண்டும், காப்பீட்டு சர்வேயரோ கிராம நிர்வாக அலுவலரோ வரும்வரை உடைந்ததை அப்படியே விட்டிருக்க வேண்டும். பாதை திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக மேலே ஏறும்போது, அடுப்பை மூட்டாமல் அதிகாரிக்காகக் காத்திருக்க எந்தப் பஜ்ஜிக் கடைக்காரரால் முடியும்?