ஓட்டையை அடைப்பதும் அகலப்படுத்துவதும்

சினிமா ரசிகர்கள் கதையில் ஓட்டை தேடிச் சண்டை போடுவதை நாம் பொருட்படுத்துவதில்லை. வணிக சினிமா தரும் போதை, அதில் அரசியல் என்ன இருக்கப்போகிறது என்று முடித்துக்கொள்கிறோம். இந்த அலட்சியம் சரியல்ல. கதையின் ஓட்டை என்பது பிரதி தன் சட்டத்தைத் தானே மீறும் இடம். அங்கே நின்று பேசுகிறவர் ஓட்டையை அடைக்கலாம், அல்லது அகலப்படுத்தலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரசியல் வேறுபாடு என்பதே நான் சொல்ல வருவது.

2019 ஏப்ரலில் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தை ஏ.ஆர். முருகதாஸ் வசனத்தில், விஜய் சேதுபதி குரலில் தமிழாகவே பார்த்தவர்கள் பழையசீவரத்தில் உண்டு. அந்த விவாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் தகராறு ஸ்டீவ் ரோஜர்ஸ் பற்றியது. கடந்த காலத்துக்குப் போனாலும் நிகழ்காலத்தை மாற்ற முடியாது என்று படமே விதி சொல்கிறது. பிறகு கடந்த காலத்தில் தங்கிவிட்டவன் எப்படிக் கிழவனாகி இதே உலகத்தில் வந்து உட்காருகிறான்? இவன் ஆரம்பத்திலிருந்தே இங்கேதான் வாழ்ந்தான் என்றார்கள் திரைக்கதை எழுதியவர்கள். வேறொரு காலக்கிளையிலிருந்து வந்தான் என்றார்கள் இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்கள். ஆசிரியரின் மரணத்தை ரோலான் பார்த் 1967இல் அறிவித்தார். இங்கே ஆசிரியர்கள் உயிரோடிருந்தும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ரசிகர்கள் கூலியில்லாமல் ஒட்டுப்போடுகிறார்கள். இது நமக்குப் புதிதா? ராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றதற்கு எத்தனை தலைமுறைப் பண்டிதர்கள் சமாதானம் எழுதியிருக்கிறார்கள்! அடைப்பவர் பிரதிக்கு விசுவாசமானவர்.

இரண்டாவது தகராறு வேறு வகை. உலகத்தில் வளம் பத்தாது, ஆகவே உயிர்களில் பாதியை அழிக்கிறேன் என்கிறான் வில்லன் தானோஸ். ஒரு பையன் கேட்டான்: "ஆறு கல்லும் கையில இருக்கு, நெனச்சது நடக்கும். சனத்தைப் பாதியாக்குறதுக்குப் பதிலா சோத்தை ரெண்டு மடங்காக்கியிருக்கலாமே?" கேட்கும்போது இது லாஜிக் கேள்வி. ஆனால் மால்தஸ் 1798இல் எழுதியதன் அடிமடியிலேயே இது கை வைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக மக்கள்தொகை 2019இல் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். அப்போது பசி இல்லாமலா இருந்தது? 1943 வங்கப் பஞ்சத்துக்கு உணவுப் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல, உணவைப் பெறும் வழி ஏழைகளுக்கு அற்றுப்போனதே முக்கியம் என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டார். சனம் பெருத்ததுதான் வறுமைக்குக் காரணம் என்ற கணக்கை வைத்தே நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். எங்கள் பாலாற்று மணல் காணாமல் போனது ஊரில் பிள்ளை அதிகம் பிறந்ததாலா? படத்தின் நாயகர்கள் தானோஸை அடிக்கிறார்கள், ஆனால் அவன் கணக்கு தப்பு என்று யாரும் நிறுவுவதில்லை. அந்த மௌனத்தைத்தான் அந்தப் பையன் தொட்டான்.

மூன்றாவது நடாஷாவின் சாவு. ஒரு கல்லுக்காக இருவரில் ஒருவர் சாக வேண்டும். குடும்பம் உள்ள கிளின்ட் பிழைக்கிறான், பிள்ளை பெற முடியாதபடி ஆக்கப்பட்ட நடாஷா குதிக்கிறாள். டோனி ஸ்டார்க்குக்கு ஊர்கூடி இறுதிச்சடங்கு, இவளுக்கு அப்படி ஒரு காட்சியே கிடையாது. "புள்ள பெத்தாதான் உசிருக்கு மதிப்பா?" என்றாள் உறவுக்காரப் பெண் ஒருத்தி. அது அவளோட விருப்பம்தானே என்றார்கள் பையன்கள். அந்த விருப்பத்தை அவளுக்கு எழுதிக்கொடுத்தது யார்?

இந்தக் கேள்விமுறைக்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாரதக்கூத்தில் துகிலுரியும் இரவு வரும். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்பது, சூதாட்ட விதியில் அவள் கண்டுபிடித்த ஓட்டை. சபையில் பீஷ்மராலேயே நேரான பதில் சொல்ல முடியவில்லை. சட்டக் கேள்வியும் நியாயக் கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே மடக்குவான், எதிர்க்கேள்விக்கு மேடையிலேயே ஒரு வேஷம் உண்டு. காஞ்சிபுரத்துக்காரர் அண்ணாதுரை 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் கம்பராமாயணம் பற்றி வாதிட்டபோது செய்ததும் அகலப்படுத்தும் வேலைதான். சூப்பர்ஹீரோ படத்தில் கட்டியக்காரனுக்கு இடமில்லை. அவன் திரைக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் இருக்கிறான்.

ரசிகர் பேச்சு எல்லாமே கலகம் என்று நான் சொல்லவில்லை, பெரும்பகுதி ஒட்டுவேலைதான். அதே ஆள் ஒரு கேள்வியில் அடைப்பார், அடுத்ததில் அகலப்படுத்துவார். "இது எப்படி நடக்கும்?" என்பது "இது நியாயமா?" என்று திரும்பும் கணம் ஒன்று இருக்கிறது. நம்மவர்கள் அந்த நேரம் பார்த்து, "அமெரிக்கக் குப்பை, விடுப்பா" என்று பேச்சை முடித்துவைக்கிறார்கள். அதைவிட நல்ல அடைப்பு தானோஸுக்குக் கிடைக்காது.