டம்ளர் சைஸில் ஒரு நிலா!

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. கொழுக்குமலை. ஏழாயிரம் அடிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஓரம் எங்கள் கூடாரம். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர். குளிரில் பல் தந்தி அடிக்கிறது. அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நண்பர் எழுந்தார். "ஒரே நிமிஷம்..." என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு, செல்போன் டார்ச்சோடு வெளியே போனார்.

பத்து நிமிஷம் ஆச்சு. ஆளைக் காணோம்!

எட்டிப் பார்த்தால் பனிமூட்டம். செல்போன் டார்ச் அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. கத்தினோம். "இங்கதான்டா இருக்கேன்!" என்று பதில் வந்தது. அந்த 'இங்க' எங்கே என்பதுதான் புரியவில்லை. ஒரு பக்கம் சரிவு என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. வயிற்றைக் கலக்கியது.

ஜீப் டிரைவர் அண்ணன் பதறவில்லை. "யாரும் தேடிப் போகாதீங்க தம்பி, அப்புறம் உங்களையும் தேடணும்! அவரை நின்ன இடத்துலயே நிக்கச் சொல்லுங்க" என்றார். ஜீப்பிலிருந்து டம்ளர் உயரத்தில் ஒரு குட்டி லாந்தரை எடுத்து, கம்பு நுனியில் மாட்டித் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுதா?"

"மஞ்சளா... ஏதோ தெரியுது!"

அடிமேல் அடி வைத்து வந்து சேர்ந்தார் நண்பர். நின்றிருந்தது நாற்பது தப்படி தூரத்தில்தான்! அவர் செல்போன் எப்போதோ உயிரை விட்டிருந்தது.

டார்ச்சுக்கும் லாந்தருக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது. டார்ச், நாம் பார்க்கிற திசைக்கு மட்டும் வெளிச்சம் தரும். பனியில் அந்த வெளிச்சம் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வரும். லாந்தர் நாலா பக்கமும் பரவும். நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கும் அதுதான்!

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி வாடகைக்கு விட்டாரே, அந்த பெட்ரோமாக்ஸின் பேரன்தான் இது. மண்ணெண்ணெய் கிடையாது, மேன்டில் கிடையாது, எல்.ஈ.டி.தான். வெள்ளை எல்.ஈ.டி.க்கு வழி திறந்தது நீல எல்.ஈ.டி. அதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது. மூடிய கூடாரத்துக்குள் எரியும் மண்ணெண்ணெய் விளக்கு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம். பேட்டரி லாந்தரில் அந்த வம்பு இல்லை.

வேறு வம்பு உண்டு! நாங்களும் ஒரு லாந்தர் கொண்டு போயிருந்தோம், தெருவோரக் கடையில் பேரம் பேசி வாங்கியது. பேட்டரியில் '9,900 எம்.ஏ.ஹெச்.' என்று அச்சடித்திருந்தது. எட்டரை மணிக்கே கண்ணை மூடிவிட்டது. விரல் பருமனில் வரும் 18650 ரக லித்தியம் பேட்டரி ஒன்றில், நல்ல கம்பெனி சரக்கிலேயே சுமார் 3,500-தான் வரும். 9,900 என்றால் அது பேட்டரி இல்லை, புருடா!

வாங்குகிறவர்கள் கவனிக்க...

வாட்ஸ் பார்க்காதீர்கள், லூமென் பாருங்கள். நாலு பேர் கூடாரத்துக்கு 200 லூமென் தாராளம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும். பாதியாகக் குறைத்தால் பேட்டரி ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் தாங்கும். மாட்டித் தொங்கவிடக் கொக்கி முக்கியம். மழைச் சாரல் தாங்க 'ஐ.பி.எக்ஸ்.4' என்ற குறியீடு போதும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கிளம்புவதற்கு முந்தின வாரமே வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டுப் பாருங்கள். ஏமாந்தது வீட்டிலேயே தெரிந்துவிடும், மலைமேல் தெரிய வேண்டாம்!

லாந்தரே இல்லையா? செல்போன் டார்ச்சை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை நிறுத்துங்கள். வெளிச்சம் கொஞ்சம் பரவலாகும். அவசரத்துக்குப் பாவமில்லை.

அக்கவுன்ட்ஸ் நண்பர் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு லாந்தர் வாங்கிவிட்டார். இப்போதெல்லாம் ஆபீஸில் கரண்ட் போனால் முதலில் அவர் டேபிளில்தான் வெளிச்சம். பாராட்டலாம். ஆனால், பட்டப்பகலில் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் போகும்போதும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறாரே... அதுதான் கொஞ்சம் ஓவர்!