பள்ளிக் காலை உணவும் மானாவாரிச் சிறுதானியமும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் மானாவாரியாகச் சிறுதானியம் பயிரிட நினைக்கும் குடியானவர், விளைந்ததை யார் வாங்குவார் என்றே முதலில் தயங்குகின்றனர். வாங்கத்தக்க இடம் கிராமப் பள்ளிக்கூடத்திலேயே உண்டு.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், வாரத்தில் இரண்டு நாளேனும் உள்ளூர்ச் சிறுதானியம் சமைக்க இடமளிக்கப்பட்டுள்ளது. குழந்தைகள் உண்பார்களா என்ற ஐயம் வேண்டுவதில்லை. இக்ரிசாட் ஆராய்ச்சி ஸ்தாபனமும் அட்சய பாத்திர தர்ம ஸ்தாபனமும் கூடி, கர்நாடகத்தில் சுமார் 1500 மாணாக்கரை வைத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. மூன்று மாதம் கேழ்வரகு இட்லி, சாமை உப்புமா முதலியவற்றை உண்டவர் மற்றவரினும் நன்கு வளர்ந்தனர், விரும்பியும் உண்டனர்.

தலைக்கு 50 கிராம் வீதம் நூறு குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு 5 கிலோ. வாரம் இரு நாளாக 40 வாரத்துக்கு 400 கிலோ அரிசி வேண்டும். ஆனால் குதிரைவாலியின் உமியை நீக்கிக் கல் பொறுக்கி, வாரந்தவறாது கொடுப்பது தனியொருவரால் ஆகாது. எனவே பத்துக் கிராமத்தார் உற்பத்தியாளர் குழுவாகக் கூடி, ஒரே ரகத்தை விதைத்து, நன்கு உலர்த்திச் சேமித்து, பொது இயந்திரத்தில் உமி நீக்குதல் நலம். உமி நீங்கிய அரிசி நாட்பட்டால் சிக்குவாடை கொள்ளுமாதலின், மாதத் தேவைக்கு மட்டுமே நீக்குக. தகுந்த ரகங்களைப் பற்றி, 1901-ல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் யோசனை கேட்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பள்ளிவாரியாகத் தேவையையும் கொள்முதல் முறையையும் புரட்டாசிக்குள் விசாரித்து அறிவிப்பார்களாயின், ஐப்பசியில் விதைப்பவர் தை மாதத்தில் வாங்குவாரைத் தேடி அலைய வேண்டியிராது.