ஒளியால் அளக்கும் கருவியும் ஆலைத் தளத்தின் அதிர்வும்

'குறுக்கீடு' என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் புகுவதுதான். இயற்பியலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. இரண்டு ஒளி அலைகள் ஓரிடத்தில் சேரும்போது முகடும் முகடும் பொருந்தினால் வெளிச்சம் கூடும். முகடும் பள்ளமும் சந்தித்தால் அங்கே இருட்டு. (தமிழகப் பாடநூல்களில் பள்ளத்தை 'அகடு' என்பார்கள். கருத்தறிதல் பகுதியில் அப்படி வந்தால் திகைக்க வேண்டாம்.) யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் பார்த்த வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் இதனால் வந்தவைதான்.

இந்தக் கோடுகளைக் கொண்டு நீளத்தை அளக்கும் கருவியே குறுக்கீட்டுமானி. லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு கதிர் அசையாத கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மற்றது, அளக்க வேண்டிய பொருளோடு நகரும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் சேருமிடத்தில் கோடுகள் தெரியும். பொருள் அரை அலைநீளம் நகர்ந்தால், ஒளி போய்வரும் தூரம் ஓர் அலைநீளம் மாறி, ஒரு கோடு நகர்ந்து போகும். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு ஏறத்தாழ 3,160 கோடுகள் வரும். எந்த இரும்பு அளவுகோலில் இத்தனை கோடு போட முடியும்?

ஆனால் இவ்வளவு நுண்ணிய கருவி எதையும் தாங்காது. ஆல்பர்ட் மைக்கல்சன் 1881இல் பெர்லினில் பட்ட பாடே இதற்குச் சான்று. தெரு வண்டிகளின் அதிர்வில் கோடுகள் நிற்கவே இல்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு போட்ஸ்டாம் வானாய்வகத்துக்குப் போனார். அங்கேயும் சுமார் 100 மீட்டர் தள்ளி யாராவது காலால் ஓங்கி மிதித்தால் கோடுகள் மறைந்துவிடும். 1887இல் மோர்லியோடு சேர்ந்து செய்தபோது, கருவியைக் கனமான கற்பலகையில் வைத்து அதைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்.

கடைசல் இயந்திரத்தைப் பாதரசத்தில் மிதக்கவிட முடியுமா? ஆலையில் அதிர்வோடு எண்ணெய்ப் புகை, இரும்புத் துருவல், சூடான காற்று எல்லாம் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானாலே, ஒரு மீட்டர் தூரத்தை அளப்பதில் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் பிழை வரும். அதாவது மூன்று கோடுகள்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது ஒளியிழை உணரி. லேசரையும் மின்னணுக் கருவிகளையும் தூரமாக வைத்துவிட்டு, மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளியை மட்டும் பொருளுக்கு அருகே கொண்டுபோகிறார்கள். இழையின் நுனியிலேயே கொஞ்சம் ஒளி திரும்பிவிடும். அதுதான் முதல் கதிர். பொருளின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவது இரண்டாம் கதிர். இரண்டும் ஒரே இழைக்குள் வந்தவை என்பதால், இழை ஆடினாலும் சூடானாலும் பாதிப்பு இரண்டுக்கும் சமம். வேறுபாட்டில் அது கழிந்துவிடும். மிச்சம் இருப்பது நுனிக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி மட்டும். எண்ணெய் படியாமலிருக்க அங்கே சுத்தமான காற்றை ஊதுவார்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாததால் மோட்டார், வெல்டிங் இரைச்சலும் இழையில் ஏறாது.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கை. ஒரு துருவல் ஒரு நொடி ஒளியை மறைத்தால் போதும், எண்ணியது எல்லாம் போச்சு. காசு எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்குவோமே, அப்படித்தான். அதனால் ஒரே நிறத்துக்குப் பதிலாகப் பல அலைநீளங்கள் கலந்த ஒளியை அனுப்பி, திரும்பிவரும் நிறமாலையிலிருந்து இடைவெளியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். நடுவில் மறைந்தாலும் அடுத்த அளவு சரியாக வரும்.

ஒன்றை மட்டும் எந்த உணரியாலும் தனியாகத் தீர்க்க முடியாது. நீளத்தை 20 டிகிரி செல்சியஸில் சொல்வதுதான் உலக வழக்கம். நம் நாட்டுப் பட்டறையில் 30 டிகிரி சாதாரணம். 300 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு இந்தப் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர் நீண்டுவிடும். 10 மைக்ரோமீட்டருக்குமேல் பிழை கூடாது என்று கேட்டவருக்கு அந்தத் தண்டு உதவாது. உணரி காட்டிய அளவில் தவறில்லை, அது சூடான தண்டின் அளவு. அதனால் தண்டின்மேல் வெப்பமானியையும் பொருத்தி, 20 டிகிரியில் நீளம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட பிறகே அடுத்த வெட்டுக்குப் போவார்கள்.