முதல் கோடை மழைக்கு உழுங்கள். விதைக்க அவசரம் வேண்டாம்

பங்குனிப் பிற்பகுதியிலிருந்து வைகாசி வரை ஓமலூர் வட்டாரத்தில் வானம் ஒரு நிலையில் இருப்பதில்லை. காலையில் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகலில் சேர்வராயன் மலைப் பக்கம் கருமேகம் திரளும். மாலையில் சூறைக்காற்று, இடி, சில நாளில் ஆலங்கட்டி மழை. ஓர் ஊரில் வாய்க்கால் நிரம்பப் பெய்யும். அடுத்த ஊரில் புழுதி மட்டும் பறக்கும். இந்த மழையைப் பதமறிந்து பயன்படுத்தும் விவசாயிக்கு இது பெரும் உதவி. அவசரப்பட்டு விதைப்பவருக்கு விதை நஷ்டம். தோட்டத்தைக் கவனியாமல் விட்டவருக்கு வாழை நஷ்டம்.

எப்படிப் பெய்கிறது?

கோடை வெயிலில் தரை சூடேறி, காற்று மேலே எழுகிறது. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று அதனுடன் சேர்ந்து, மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து இடிமேகமாகிறது. இதனால்தான் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் பெய்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 107 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது. அடுத்த மே மாதத்திலேயே இடியுடன் மழையும் வந்தது.

இது பருவமழையைப் போலத் தொடர்ந்து பெய்யும் மழை அல்ல. ஒரு நாள் நன்றாகப் பெய்துவிட்டு, பிறகு பதினைந்து இருபது நாள் ஒரு துளியும் இல்லாமல் போகலாம். விவசாயி முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆனாலும் இந்த நீரை அற்பமாக எண்ணக் கூடாது. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. 25 மி.மீ. பெய்தால் அது 1 லட்சம் லிட்டர். அதாவது 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் பத்து லோடு தண்ணீர். அதை நிலத்துக்குள் இறக்குவதா, ஓடையில் ஓட விடுவதா என்பது நம் கையில் இருக்கிறது.

உழவுக்கு ஏற்ற பதம்

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, கீழே போட்டதும் உதிர்ந்தால் அதுவே உழவுப் பதம். கையில் ஒட்டினால் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். சரிவோடு உழுதால் அடுத்த மழையில் மேல் மண் சால் வழியே போய்விடும்.

சித்திரை மழையைக் கண்டதும் நிலக்கடலை விதைக்க மனம் பறக்கும். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ விதைப் பருப்பு தேவை. முளைத்த பிறகு இருபது நாள் மழை இல்லையென்றால் அத்தனையும் காய்ந்து போகும். மானாவாரிக் கடலைக்கு ஆனி, ஆடியே ஏற்ற பட்டம். விதையை அதுவரை பத்திரப்படுத்துங்கள். கிணற்றில் நீர் உள்ளவர்கள் சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம்.

கம்பளிப் புழுவைத் தடுக்க

நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப் புழுவுக்கும் இந்த மழைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. போன போகத்துப் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பல மாதம் உறங்குகிறது. நல்ல மழை பெய்த சில நாட்களில் அந்துப்பூச்சியாக வெளிவந்து, இலைகளில் குவியல் குவியலாக முட்டையிடுகிறது.

கோடை உழவில் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் சாகும். காக்கை, மைனாவும் பொறுக்கித் தின்னும். ஆனால் வரப்பிலும் மர நிழலிலும் கலப்பை போகாது. கூட்டுப்புழு அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான். ஆகையால் அந்த இடங்களை மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும். மழைக்குப் பிந்திய இரவுகளில் விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை அழிக்கலாம். ஒருவர் மட்டும் செய்தால் பயன் குறைவு. பக்கத்துக் காட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

வாழைக்கு முட்டு

குலை தள்ளிய வாழைக்குச் சூறைக்காற்றே பெரிய எதிரி. பத்து நிமிடக் காற்றில் பத்து மாத உழைப்பு சாய்ந்துவிடும். மேகம் திரண்ட பிறகு கம்பு தேடிப் பயனில்லை. பங்குனியிலேயே மரத்தடியில் மண் அணைத்து, காய்ந்த இலைகளை அறுத்துவிட்டு, சவுக்கு அல்லது மூங்கில் கம்பால் குலை சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். புதிதாக நடுவோர் காற்று வரும் பக்கத்தில் அகத்தியை நெருக்கமாக வளர்க்கலாம்.

சாய்ந்த மரங்களில் முற்றிய குலைகளை உடனே வெட்டி விற்றுவிடுங்கள். இளமரம் முறிந்திருந்தால் அதை அடியோடு வெட்டி, நல்ல ஈட்டிக் கன்று ஒன்றை விட்டு உரமிட்டு வளர்க்கலாம்.

சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை உதவி அலுவலருக்கும் உடனே தெரிவியுங்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே அரசு நிவாரணம் உண்டு. பயிர்க் காப்பீடு செய்தவர்கள், ஆலங்கட்டி மழை போன்றவற்றால் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் பகுதியில் எந்தப் பயிருக்குக் காப்பீடு உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மாடுகள் ஜாக்கிரதை

அறுத்த சோளக்காட்டில் கோடை மழைக்குக் கட்டை துளிர்க்கும். பசுந்தீவனம் இல்லாத காலத்தில் அதைக் கண்டதும் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். அந்த இளந்துளிரிலும், வாடிய இளஞ்சோளத்திலும் நச்சு அதிகம். மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறிச் சாகக்கூடும். பூக்கும் பருவம் வரும் வரை சோளத்தில் மாட்டை மேய விடாதீர்கள். மேய்ந்துவிட்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஏரியும் வாய்க்காலும்

மேட்டூர் அணையின் உபரி நீரைத் திப்பம்பட்டியில் இறைத்து, சரபங்கா வடிநிலத்திலுள்ள 100 ஏரிகளுக்குக் கொடுக்கும் திட்டத்தின் முதல் பகுதி 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆனால் அணை நிரம்பி வழிவது பெரும்பாலும் கோடைக்குப் பிறகுதான். கோடையில் ஏரிக்கு வருவது வானத்து நீரே. வரத்து வாய்க்காலில் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால் அதுவும் வந்து சேராது. ஊரார் கூடி ஒரு நாள் சுத்தம் செய்தால் பலன் எல்லோருக்கும். ஏரி காய்ந்திருக்கும்போதே வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டல் எடுத்து அடித்தால், செம்மண் காட்டில் ஈரம் நிற்கும் நாள் கூடும், ஏரியும் ஆழப்படும்.

இடி இடிக்கும்போது

மின்னல் கண்டு முப்பது நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் இருக்கிறது. காட்டில் நிற்கக் கூடாது. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. மாடுகளையும் மரத்தடியில் கட்டாதீர்கள். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

கைபேசி வைத்திருப்போர் 'மேகதூத்' செயலியில் மாவட்ட வானிலையையும் பயிர் ஆலோசனையையும், 'தாமினி' செயலியில் மின்னல் எச்சரிக்கையையும் அறியலாம். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறலாம்.